ரவுண்ட்ஸில் ஆசிரியரைப் பார்ப்பவர் யார்?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, அரியலூர், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம் என நீளும் அந்தப் பட்டியலில் மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். நாடு முழுவதும் இதே வேகம்தான். 2014க்கு முன் சுமார் 51,000 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்தாண்டுக்குள் ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டன. கட்டடத்தை இரண்டு மூன்று ஆண்டில் எழுப்பிவிடலாம். படுக்கையையும் ஸ்கேன் இயந்திரத்தையும் டெண்டர் விட்டு வாங்கலாம். அங்கே பாடம் சொல்லித்தரப் போகிறவர் எங்கே தயாராகிறார் என்ற கேள்விதான் எந்தக் கோப்பிலும் சரியாக அகப்படுவதில்லை.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அ, ஆ சொல்லித்தரப் பட்டயப் படிப்பு வேண்டும். தகுதித் தேர்வும் எழுத வேண்டும். நாளை நம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கப் போகிறவருக்குச் சொல்லித்தர எம்.டி. பட்டமே போதும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பிவந்தது. தொழில் தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்ற அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. நல்ல மருத்துவர்கள் பலர் நல்ல ஆசிரியர்களாகவும் அமைந்தார்கள் என்பது உண்மை. அமையாதவர்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை என்பதும் உண்மை.

அமெரிக்காவில் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் 1910இல் வெளியிட்ட அறிக்கை, தரமற்ற மருத்துவப் பள்ளிகள் பலவற்றின் கதவை மூடவைத்தது. ஃப்ளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர். பள்ளி நடத்திய ஆசிரியர். ஆய்வகம் வேண்டும், பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனை வேண்டும், முழுநேர ஆசிரியர்கள் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முழுநேர ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று முறையாகக் கேட்க இன்னும் 45 ஆண்டுகள் பிடித்தன.

கேட்டவர் ஜார்ஜ் மில்லர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பொது மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1955இல் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளையின் நிதியோடு அங்கே மருத்துவக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கியது. மருத்துவப் பேராசிரியர்களையும் கல்வியியல் துறைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததுதான் அதன் புதுமை. கல்வியியல் பக்கத்திலிருந்து வந்தவர்களில் ஸ்டீபன் ஆப்ரகாம்சன் முக்கியமானவர். மாணவர் எப்படிக் கற்கிறார், ஒரு தேர்வு உண்மையில் எதை அளக்கிறது என்று கேட்கத் தொடங்கிய ஒரு கல்வியியலாளரை, நோயாளியைத் தொட்டே பார்த்திராத ஒருவரை, மூத்த மருத்துவர்கள் எந்த முகத்தோடு கேட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினம் அல்ல. ஆனாலும் அந்த மேசை நிலைத்தது. மில்லர் 1959இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே மருத்துவக் கல்விக்கென்றே ஓர் ஆய்வு மையத்தைக் கட்டினார். ஆப்ரகாம்சன் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். அங்கே ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவருடன் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து மாணவரைச் சோதிக்கும் முறையை 1964இல் விவரித்து எழுதினார். இன்று உலகெங்கும் மருத்துவத் தேர்வுகளில் நிற்கும் ‘நடிப்பு நோயாளி’ அங்கிருந்து வந்தவர்.

பஃபலோவிலிருந்து புதுச்சேரிக்கு வழி ஜெனீவா வாயிலாக வந்தது. 1970களில் உலக சுகாதார நிறுவனம் மருத்துவ ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு படிவரிசை வகுத்தது. மேலே இல்லினாய்ஸ் போன்ற பன்னாட்டு மையம். நடுவே வட்டார மையங்கள். கீழே ஒவ்வொரு நாட்டுக்கும் தேசிய மையம். வட்டார மையங்களில் ஒன்று இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. இந்தியாவின் முதல் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1975இல் புதுச்சேரி ஜிப்மரில் தொடங்கியது. இந்த மையங்களில் புழங்கிய கையேடு ஜே. ஜே. கில்பர்ட் எழுதி 1977இல் வெளிவந்தது. பாடம் முடியும்போது மாணவரால் எதைச் செய்ய முடியும் என்பதை முதலில் எழுது, பிறகு பாடத்தைத் திட்டமிடு என்பது அதன் அடிநாதம். இன்று இது பழக்கப்பட்ட வாசகம். வகுப்பில் என்ன சொல்லப் போகிறேன் என்று மட்டுமே யோசித்துப் பழகிய பேராசிரியர்களுக்கு அப்போது அது தலைகீழ்ப் பாடம்.

அதன் பின் சட்டம் வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் மருத்துவக் கல்விப் பிரிவு இருக்க வேண்டும் என்றன. 2009 முதல் கவுன்சில் அமைத்த வட்டார மையங்கள் வழியாக அடிப்படைப் பயிற்சிப் பட்டறைகள் நாடெங்கும் பரவின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அத்தகைய மையங்களில் ஒன்று. 2020இல் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம், 2022இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகளில் இந்த அடிப்படைப் பயிற்சியைப் பதவி உயர்வோடு கட்டிப்போட்டது. பயிற்சி மூன்று நாள். கற்றல் நோக்கங்கள் எழுதுவது, சிறுகுழு நடத்துவது, தேர்வுத்தாள் அமைப்பது, மைக்ரோ டீச்சிங் என்று நெருக்கமான நிரல். தேநீர், குழுப்படம், சான்றிதழ். இதை எள்ளி நகையாடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருபது ஆண்டு பாடம் நடத்திய ஒருவர், தன் கேள்வித்தாள் வெறும் நினைவாற்றலை மட்டுமே அளக்கிறது என்பதை முதன்முதலாகப் பார்ப்பது அந்த அறையில்தான். என் கேள்வி வேறு. நான்காவது நாள் காலை எட்டு மணிக்கு அவர் வார்டுக்குப் போகிறார். அங்கே என்ன நடக்கிறது?

இதற்கு ஆய்வுலகத்தில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் இவான் ஸ்டைனர்ட் தலைமையிலான குழு, ஆசிரியர் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒன்றும் 2016இல் ஒன்றுமாக இரண்டு பெரிய மதிப்பீடுகளை வெளியிட்டது. முதலாவதில் 53 கட்டுரைகள், இரண்டாவதில் 111. பங்கேற்றவர்களுக்குப் பயிற்சி பிடித்திருக்கிறது. அறிவும் திறனும் கூடியதாக அவர்களே சொல்கிறார்கள். நடத்தை மாறியதற்கும் சான்றுகள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பகுதி அவரவர் வாய்மொழி. மாணவர் கூடுதலாகக் கற்றாரா, கல்லூரியில் ஏதாவது மாறியதா என்று அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. நோயாளி வரை போய்ப் பார்த்தவர்கள் அரிதிலும் அரிது. எது பலன் தருகிறது என்பதிலும் ஒரு போக்கு தெரிகிறது: செய்து கற்பது, செய்ததைப் பற்றி உடனே கருத்துக் கேட்பது, சக ஆசிரியர்களின் துணை, ஒரே மூச்சில் முடியாமல் மாதக்கணக்கில் நீள்வது, தாய்க் கல்லூரியின் ஆதரவு. மூன்று நாள் பட்டறையில் இவற்றில் எவ்வளவு அடங்கும் என்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

மில்லர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை மருத்துவக் கல்வியில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் படத்தைத் தந்தது. நான்கு அடுக்குப் பிரமிடு. அடியில் ‘தெரியும்’, அதன் மேல் ‘எப்படி என்று தெரியும்’, அதற்கு மேல் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘அன்றாடம் செய்கிறார்’. தேர்வறையில் அழகாகச் செய்து காட்டும் மாணவர், யாரும் பார்க்காத இரவுப் பணியிலும் அப்படியே செய்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதே உச்சி அடுக்கின் எச்சரிக்கை. மாணவர்களை அளக்க இந்தப் படத்தை ஓயாமல் திரையில் காட்டும் நாம், அதை ஆசிரியருக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. பட்டறையில் அவர் கற்றல் நோக்கம் எழுதும்போது இரண்டாம் அடுக்கில் இருக்கிறார். சக ஆசிரியர்கள் ஐந்து பேர் மாணவர்களாக நடிக்க, ஏழு நிமிட மைக்ரோ டீச்சிங் நடத்தும்போது மூன்றாம் அடுக்கைத் தொடுகிறார். உச்சி அடுக்கு வார்டில் இருக்கிறது. அங்கே அவரைப் பார்க்க ஆள் இல்லை.

அந்த உச்சி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மழைக்காலம், பொது மருத்துவ வார்டு. ஐந்து நாள் காய்ச்சலோடு நாற்பது வயது விவசாயி ஒருவர். இறுதியாண்டு மாணவி கேஸ் சொல்லத் தொடங்குகிறாள். வழக்கமான காட்சி இப்படிப் போகும்: இரண்டாவது வாக்கியத்திலேயே ஆசிரியர் குறுக்கிடுவார். பிளேட்லெட் எவ்வளவு? லிவர் என்சைம் பார்த்தாச்சா? வாந்தி உண்டா? நோயைத் தானே கண்டுபிடிக்கத் தேவையான தகவலை அவர் மாணவியிடமிருந்து உருவிக்கொள்கிறார். பிறகு டெங்கு பற்றிப் பத்து நிமிடம் சொற்பொழிவு. எல்லாம் சரியான தகவல்கள்தான். மாணவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பது மட்டும் கடைசிவரை வெளிவராது.

1992இல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் இதற்கு மாற்றாக ஐந்து சிறு படிகளை வகுத்தார்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவிலும் சில நிமிடங்களில் முடித்துவிடலாம் என்பதால் அதற்கு ‘ஒரு நிமிட ஆசிரியர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதே வார்டில் அதை நடத்திப் பார்க்கலாம்.

“நீ என்னம்மா நினைக்கிறே?”

“டெங்குவா இருக்கும் சார்.”

“எதை வெச்சு டெங்குங்கிறே?”

“காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி... பிளேட்லெட்டும் குறைஞ்சிருக்கு சார்.”

“இதெல்லாம் வேற எதுக்குப் பொருந்தும்?”

“லெப்டோ... ஸ்க்ரப் டைஃபஸ்.”

“எஸ்கார் தேடினியா?”

“கை, கால், முதுகு எல்லாம் பார்த்தேன் சார். இல்லை.”

திரையை இழுத்துவிட்டு, நோயாளியிடம் சொல்லிவிட்டு, ஆசிரியர் அக்குளையும் இடுப்பு மடிப்பையும் பார்க்கச் சொல்கிறார். இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. அதுதான் எஸ்கார், வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளுக்கு நன்கு பழகிய ஸ்க்ரப் டைஃபஸ் அடையாளம். இப்போது ஆசிரியர் ஒரே ஒரு பொதுவிதியைச் சொல்கிறார்: காரணம் பிடிபடாத காய்ச்சலில் உடலின் மடிப்புகளைப் பார்க்காதவரை எஸ்கார் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதக் கூடாது. பிறகு சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்: “கேட்டதும் ஸ்க்ரப் டைஃபஸைச் சேர்த்துச் சொன்னே, அது நல்லது.” கடைசியாகத் திருத்தம்: “பிளேட்லெட் குறைஞ்சதும் டெங்குன்னு முடிவு கட்டிட்டே. அதோட தேடுறதை நிறுத்திட்டே.” டாக்ஸிசைக்ளின் தொடங்குகிறது. மாணவியின் முடிவைக் கேட்பது, ஆதாரத்தைத் துருவுவது, பொதுவிதி சொல்வது, சரியை உறுதிப்படுத்துவது, பிழையைத் திருத்துவது என்று ஐந்தும் முடிந்துவிட்டன. டெங்கு சொற்பொழிவுக்கான நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

இந்த ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதிவிடலாம் என்பதால் இது எளிது என்று தோன்றும். முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் இருப்பது, முப்பது ஆண்டு பதில் சொல்லியே பழகிய ஒருவருக்கு எவ்வளவு பெரிய உடற்பயிற்சி என்பது நடத்திப் பார்த்தால்தான் தெரியும். பேர்பெற்ற மருத்துவ ஆசிரியர்கள் சிலரைக் கூர்ந்து ஆராய்ந்த டேவிட் இர்பி 1990களில் எழுதியவையும் இதையே காட்டுகின்றன. அவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு நோயறிதல்களைச் செய்கிறார்கள். நோயாளிக்கு என்ன என்பது ஒன்று, எதிரே நிற்கும் மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பாடநூல் கிடையாது. பலமுறை செய்து, ஒருவர் பார்த்துச் சொல்லக் கேட்டுத்தான் அது கைவரும்.

பார்த்துச் சொல்லும் முறையை ஸ்டான்ஃபோர்டில் கெல்லி ஸ்கெஃப் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார். மூத்த மருத்துவர்கள் நடத்தும் ரவுண்ட்ஸை வீடியோவில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற ஒருவரோடு அவர்களே உட்கார்ந்து பார்க்கும் முறையைச் சோதித்து 1983இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் அவர் நடத்திய மையம், பிற கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, திரும்பிப்போய்த் தம் சகாக்களுக்கு ஏழு அமர்வுகள் நடத்தவைத்தது. அதே 1983இல் ஜாக் எண்டே எழுதிய கட்டுரை, கருத்துச் சொல்வது எப்படி என்பதற்கு இன்றும் அடிப்படை: நேரில் பார்த்ததைப் பற்றியே பேசு, ஆளைப் பற்றிப் பேசாதே, அவர் செய்ததைப் பற்றிப் பேசு, தீர்ப்பு சொல்வது வேறு வேலை.

நம் வார்டுகளில் கருத்துக்கு இரண்டு வடிவங்களே உண்டு. ஒன்று, நோயாளி முன்னால் விழும் திட்டு. மற்றொன்று, “குட்”. இரண்டிலுமே தகவல் இல்லை. மாணவருக்கே இந்த நிலை என்றால் ஆசிரியருக்குக் கருத்துச் சொல்ல யார் துணிவார்கள்? யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. எனும் முதுநிலை மாணவர்கள், சி.ஆர்.ஆர்.ஐ. எனும் பயிற்சி மருத்துவர்கள், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் என்று ஓர் ஊர்வலமே வருகிறது. பத்துப் பதினைந்து ஜோடிக் கண்கள் அவரைப் பார்க்கின்றன. அவற்றில் எதற்கும், “சார், அந்த மாணவி பதில் சொல்றதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க” என்று சொல்ல வாய் இல்லை. பக்கத்து யூனிட் சீஃப் வந்து நின்றாலோ அது நட்பு விசாரிப்பு, அல்லது எல்லை மீறல். அறுவை அரங்கில் சகா ஒருவர் கூட நிற்பதை இயல்பாக ஏற்பவர்களும், பாடம் நடத்தும்போது நின்று பார்க்க வருபவரைச் சோதனை அதிகாரியாகவே எண்ணுகிறார்கள்.

2019இல் இந்தியாவில் தொடங்கிய திறன்வழிப் பாடத்திட்டம் இந்தப் பூட்டை ஓரளவு திறந்திருக்க வேண்டும். நோயாளியோடு பேசுவது, நெறி, மனப்பான்மை ஆகியவற்றுக்கென 27 பாட அலகுகள். ஒவ்வொரு செய்முறைத் திறனுக்கும் மாணவர் செய்வதை ஆசிரியர் நேரில் பார்த்துச் சான்று தரும் லாக் புக். காகிதத்தில் இது உச்சி அடுக்கைக் குறிவைத்த திட்டம். ஒரு யூனிட்டில் நான்கு ஆசிரியர்கள், புறநோயாளிப் பிரிவில் வாசல்வரை வரிசை, வார்டில் இருபது மாணவர்கள் என்றிருக்கும் இடத்தில் லாக் புக் கையெழுத்து பருவக் கடைசியில் மொத்தமாக விழுகிறது என்ற குறையை மாணவர்கள் கூடும் எந்த இடத்திலும் கேட்கலாம். ஆசிரியரின் சோம்பல் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பார்ப்பதற்கான நேரத்தைப் பணி அட்டவணையில் யாரும் ஒதுக்கவில்லை. பார்த்துச் சொல்லும் கலையை அவருக்கு யாரும் பார்த்துச் சொல்லித்தரவும் இல்லை.

நீண்டகாலப் பயிற்சிக்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பன்னாட்டு மருத்துவக் கல்விக்காகப் பிலடெல்பியாவில் 2000இல் தொடங்கிய ஃபெய்மர் அமைப்பு, மும்பை, லூதியானா ஆகியவற்றுக்குப் பின் 2007இல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் ஒரு வட்டார மையத்தைத் தொடங்கியது. பயிற்சி இரண்டு ஆண்டு. நேரில் கூடுவது சில நாட்களே. மீதி காலமெல்லாம் பங்கேற்பவர் தம் கல்லூரியில் ஒரு மாற்றத்தைத் திட்டமிட்டு, செய்து, அளந்து, சக பங்கேற்பாளர்களுக்கு அவ்வப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஃபெய்மருக்கு நீண்டகாலம் தலைமை வகித்த ஜான் நார்சினியே, பயிற்சி மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது சில நிமிடம் கூட நின்று கவனித்து உடனே கருத்துச் சொல்லும் மினி-செக்ஸ் முறையைப் பரப்பியவர். அந்த மையங்களில் பயின்றவர்களே இன்று பல கல்லூரிகளில் மருத்துவக் கல்விப் பிரிவுகளைத் தாங்கி நிற்கிறார்கள். தொகையில் அவர்கள் குறைவு. இரண்டு ஆண்டு செலவழித்துக் கற்பிக்கக் கற்றதற்குப் பதவி உயர்வு விதியில் தனி மதிப்பு இல்லை. அங்கே கேட்பது ஆய்வுக் கட்டுரையும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும்தான். இளம் உதவிப் பேராசிரியர் தன் மாலை நேரத்தை எங்கே போடுவார் என்று கேட்கவே வேண்டாம்.

இதுவரை ‘ஆசிரியர்’ என்று சொன்னதெல்லாம் ஊதியப் பட்டியலில் அப்படிப் பெயர் உள்ளவர்களை. மாணவருக்கும் சி.ஆர்.ஆர்.ஐ.க்கும் வார்டில் அதிகம் சொல்லித்தருபவர் அவர்கள் அல்லர், பி.ஜி.தான். நள்ளிரவில் நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஊசி ஏற்றுவது எப்படி, இறந்துபோனவரின் மகனிடம் என்ன சொல்வது, கேஸ் ஷீட்டில் எதை விடாமல் எழுத வேண்டும் என்பதையெல்லாம் முதலில் காட்டித்தருபவர் இரண்டாமாண்டு பி.ஜி. நல்லதும் அவரிடமிருந்தே தொற்றுகிறது, கெட்டதும் அவரிடமிருந்தே. அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிகளை அங்கீகரிக்கும் அமைப்பு, மாணவருக்குக் கற்பிக்கும் ரெசிடென்ட்களை, அதாவது நம் பி.ஜி.க்களுக்கு நிகரானவர்களை, அந்தப் பணிக்குத் தயார்செய்வதைக் கல்லூரியின் கடமையாகவே வைத்திருக்கிறது. ‘ஒரு நிமிட ஆசிரியர்’ முறையை ரெசிடென்ட்களுக்கு ஒரே ஒரு மணி நேரம் சொல்லித்தந்து, சொல்லித்தராத குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் கற்பித்தல் மேம்பட்டதாக அவர்களிடம் பயின்றவர்களே மதிப்பிட்டிருந்தார்கள்.

இங்கே சிக்கல் இன்னும் ஒரு படி நீண்டிருக்கிறது. மாவட்ட ரெசிடென்சித் திட்டத்தில் பி.ஜி.க்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். அங்கே அவர்களை மேற்பார்வை செய்யும் நிபுணர், நோயாளி பார்க்கப் பணியமர்த்தப்பட்டவர். பல இடங்களில் இதுவே அவருக்கு முதல் ஆசிரியப் பணி. அவருக்கு மூன்று நாள் பட்டறையைக் காட்டிலும் உதவக்கூடியது, தாய்க் கல்லூரியிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வந்து, அவர் பி.ஜி.யோடு ஒரு நோயாளியைப் பார்ப்பதை அரை மணி நேரம் கூட நின்று கவனித்து, பிறகு தேநீர்க் கடையில் இரண்டு விஷயம் சொல்வதே. கல்லூரிக்குள்ளும் இதே ஏற்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. பி.ஜி.க்கள் சேரும் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் அந்த ஐந்து படிகள். அதன் பின் வாரத்தில் ஒரு ரவுண்ட்ஸில், சீஃப் உட்பட யூனிட்டில் யாராவது ஒருவர் பாடம் நடத்த, மற்றொருவர் அதை மட்டும் கவனிப்பது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுவது. சீஃப் முதலில் தன்னைப் பார்க்கச் சொன்னால் மற்றவர்களின் கூச்சம் பாதி போய்விடும். இதற்கு ஆணையத்தின் சுற்றறிக்கை தேவையில்லை. துறைத்தலைவர் ஒருவர் மனது வைத்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.